2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் படிப்படியாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய எண். 32 பிட்டில் அடங்கும் குறியுள்ள முழு எண்களில் இதுதான் உச்சம். இதை 2³¹ − 1 என்று சுருக்கமாக எழுதலாம். இது ஒரு பகா எண் என்பதையும் பலர் எங்காவது படித்திருப்பார்கள். ஆனால் அது பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? 10 இலக்க எண் ஒன்றை எதுவும் வகுக்காது என்று 1772இல், கால்குலேட்டரே இல்லாத காலத்தில், ஒருவர் எப்படி உறுதியாகச் சொன்னார்?

அதை நாமே செய்து பார்ப்பதற்கான வழிகாட்டி இது. தேவையானவை பேப்பர், பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், அப்புறம் பத்தாம் வகுப்பில் படித்த மட்டு எண்கணிதம் கொஞ்சம். மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம்: ‘மட்டு 7இல் 30 என்பது 2’ என்றால் 30ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2 என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இந்த எண்ணின் குணங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 2இன் அடுக்கு ஒன்றுக்கு ஒன்று குறைவு என்பதுதான் அந்த இடம். கணக்கில் எங்கே சிக்கினாலும் அங்கே திரும்பிப் போனால் வழி கிடைக்கும்.

படி 1: எண்ணைக் கட்டிப் பாருங்கள்

2¹⁰ = 1024. அதை வர்க்கப்படுத்தினால் 2²⁰ = 1048576. இரண்டையும் பெருக்கினால் 2³⁰ = 1073741824. இன்னொரு 2ஆல் பெருக்கி 1 கழித்தால் 2147483647. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை.

இப்படி 2இன் அடுக்கில் 1 கழித்துக் கிடைக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மரான் மெர்சென் 1644இல் எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67உம் 257உம் தவறு. 61, 89, 107 விடுபட்டுவிட்டன. இவ்வளவு பிழைகள் இருந்தும் பெயர் அவருக்கே போனது. 31 சரியாக அமைந்தது.

படி 2: அடுக்கு எண்ணை முதலில் சோதியுங்கள்

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. 2¹⁵ − 1 = 32767ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 15 = 3 × 5 என்பதால் 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31 இரண்டும் இதை வகுத்துவிடும். உண்மையிலேயே 32767 = 7 × 31 × 151.

31 பகா எண். முதல் வடிகட்டியைத் தாண்டிவிட்டது. ஆனால் இது மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனாலும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இத்தாலியரான கட்டால்டி 17, 19 அடுக்குகளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, 23, 29, 31, 37 நான்கும்கூடத் தேறும் என்று சொல்லிவைத்தார். நான்கில் 31 மட்டும்தான் தேறியது. 2²³ − 1ஐ 47 வகுக்கிறது, 2²⁹ − 1ஐ 233 வகுக்கிறது.

படி 3: வகுக்கக்கூடிய எண்களைக் குறையுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்க மூலத்துக்குள் ஒரு பகா காரணி இருந்தே ஆக வேண்டும். 46340² = 2147395600, இது நம் எண்ணைவிடச் சிறியது; 46341² = 2147488281, பெரியது. ஆகவே 46340 வரை பார்த்தால் போதும். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் 10 இலக்க எண்ணைக் கையால் வகுப்பதென்றால் நேரமும் போகும், நடுவில் ஒரு பிழை வராமலும் இருக்காது.

1772இல் இதைச் செய்து முடித்த சுவிஸ் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் இங்கே இரண்டு வெட்டு வெட்டினார்.

முதல் வெட்டு. ‘க’ என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மட்டு க-வில் 2³¹ = 1. 2, 4, 8, 16 என்று அடுக்கிக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் க-வால் வகுத்து மீதி எழுதினால், மீதிகள் ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வரும். 31ஆவது அடியில் 1 வந்துவிடுவதால் சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், எனவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் மட்டு க-வில் 2உம் 1உம் ஒன்றே என்றாகிவிடும், அது நடக்காது. ஆக நீளம் 31.

இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2ஐ (க − 1) அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1தான். சுற்று 31க்கு ஒருமுறைதான் 1க்கு வரும் என்பதால் க − 1 என்பது 31இன் மடங்கு. க ஒற்றைப்படை, ஆகவே க − 1 இரட்டைப்படையும்கூட. எனவே க என்பது 62இன் மடங்கைவிட 1 கூடுதலான எண்: 63, 125, 187, 249, 311... 46340க்குள் இப்படி 747 எண்கள்தான். 3, 5, 7, 11, 13 எதையும் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் வெட்டு. மட்டு க-வில் 2³¹ = 1 என்றால் இருபக்கமும் 2ஆல் பெருக்கி 2³² = 2 என்று எழுதலாம். 2³² என்பது 65536இன் வர்க்கம். அதாவது மட்டு க-வில் 2க்கு ஒரு வர்க்க மூலம் இருக்கிறது, அது 65536. ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றின் மட்டில் 2 ஒரு வர்க்கமாக இருக்க வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது தெரிந்த தேற்றம். மட்டு 7இல் 3² = 9 = 2, சரி. மட்டு 17இல் 6² = 36 = 2, சரி. மட்டு 11இல் 1, 4, 9, 5, 3 மட்டுமே வர்க்கங்கள். 2 அதில் இல்லை.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது க-வின் மீதி 1 அல்லது 63 ஆக இருக்க வேண்டும். 46340 வரை எண்ணினால் முதல் வகையில் 186, இரண்டாம் வகையில் 187. 63 தானே பகு எண், அதைக் கழித்துவிட்டால் 372. இந்த 372லும் பெரும்பகுதி பகு எண்கள். பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் சுமார் 80தான் மிஞ்சும்.

4,800 பேர் நின்ற வரிசை 80 ஆகிவிட்டது. கணிதத்தில் எனக்குப் பிடித்த சிக்கனங்களில் இதுவும் ஒன்று. கடினமான கணக்கு எதையும் செய்யாமல், வெறும் யோசனையிலேயே நூற்றில் 98 பங்கு வேலை கழிந்துவிட்டது.

படி 4: மிஞ்சியவற்றைச் சோதியுங்கள்

10 இலக்க எண்ணை வகுக்கவும் தேவையில்லை. மேலே பார்த்த 65536 கைகொடுக்கும். க நம் எண்ணை வகுக்குமானால் மட்டு க-வில் 65536² = 2 வந்தே தீர வேண்டும். ஆகவே ஒவ்வொரு க-வுக்கும் செய்ய வேண்டியது: 65536ஐ க-வால் வகுத்து மீதியை எடுங்கள், மீதியை வர்க்கப்படுத்துங்கள், மறுபடி க-வால் வகுத்து மீதியைப் பாருங்கள். 2 வந்தால் காரணி மாட்டிக்கொண்டது. வேறெது வந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

முதலில் வருவது 249. அது 3 × 83, விடுங்கள். அடுத்து 311, பகா எண். 65536ஐ 311ஆல் வகுத்தால் மீதி 226. 226² = 51076. அதை 311ஆல் வகுத்தால் மீதி 72. 2 வரவில்லை, எனவே 311 காரணி அல்ல.

அடுத்து 497 = 7 × 71, 559 = 13 × 43, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே பகு எண்கள். 1303 பகா எண். 65536இன் மீதி 386, அதன் வர்க்கம் 148996, மறுபடி மீதி 454. இதுவும் இல்லை.

1489க்கு மனக்கணக்கே போதும். 1489 × 44 = 65516, மீதி 20. 20² = 400. இல்லை.

விடையைச் சரிபார்க்கவும் வழியுண்டு. கடைசியில் வந்த மீதியைப் பாதியாக்கி 1 கழித்தால், நம் 10 இலக்க எண்ணை க-வால் நேராக வகுத்தால் வரும் மீதி கிடைக்கும். 400இன் பாதி 200, 1 கழித்தால் 199. 2147483647ஐ 1489ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 199தான். 311க்கு 72, 36, 35. (கடைசி மீதி ஒற்றைப்படையாக வந்தால் க-வைக் கூட்டிவிட்டுப் பாதியாக்குங்கள்.)

இப்படியே 2543 என்று தொடர்ந்து 46340 வரை போக வேண்டும். ஒரு விடுமுறைப் பிற்பகலில் முடிந்துவிடும். எங்கேயும் 2 வராது. ஆக 2147483647 பகா எண்.

ஆய்லர் இந்த முடிவை 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வை கிட்டத்தட்ட முழுமையாகப் போயிருந்தது. அதுவரை தெரிந்திருந்த மிகப் பெரிய மெர்சென் பகா எண் கட்டால்டியின் 2¹⁹ − 1 = 524287. 6 இலக்கத்திலிருந்து ஒரே தாவலில் 10 இலக்கம். 1811இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ தன் எண் கோட்பாட்டுப் புத்தகத்தில், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிடப் (நிறைவெண் என்றால் என்ன என்பது படி 8இல்) பெரிய நிறைவெண்ணை அனேகமாக யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கையே தவிர எந்தப் பயனும் இல்லாதவை, எனவே யாரும் முயலவும் மாட்டார்கள் என்று எழுதினார். இரண்டு கணிப்புமே பொய்த்தன. 1876இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1ஐ நிரூபித்தார். இன்று 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 வரை வந்தாயிற்று. 2024இல் அறிவிக்கப்பட்ட அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். பயனில்லை என்ற பேச்சுக்குப் படி 7இல் வருகிறேன்.

படி 5: வகுக்காமலே சோதிப்பது

80 எண்களுக்குப் பரவாயில்லை. அடுக்கு 127 என்றால் இந்த முறை எடுபடாது. லூக்கா கண்டுபிடித்து, டெரிக் லெமர் 1930இல் செப்பனிட்ட சோதனை இதற்குத்தான். விதி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது: 4இல் தொடங்குங்கள். எண்ணை வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள், மட்டு 2147483647இல் மீதி எடுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவைகள், நமக்கு 29 தடவை, இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண்; வராவிட்டால் பகு எண். ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கு 3இன் வர்க்க மூலத்தைச் சேர்த்து விரித்த எண் அமைப்பு ஒன்று தேவைப்படும், அதற்குள் இங்கே போகவில்லை. கணக்கை மட்டும் செய்வோம்.

4, 14, 194, 37634, 1416317954. இதுவரை மீதி எடுக்கும் தேவையே வரவில்லை. அடுத்தது 2005956546822746114. இதை 2147483647ஆல் வகுக்க வேண்டுமா? வேண்டாம். மட்டு நம் எண்ணில் 2³¹ = 1. ஆகவே எண்ணை 2³¹ஆல் பிரித்து, ஈவையும் மீதியையும் கூட்டினாலே போதும். ஈவு 934096307, மீதி 1883058178. கூட்டினால் 2817154485. இது நம் எண்ணைவிடப் பெரிது, எனவே ஒருமுறை கழித்தால் 669670838.

கையால் செய்யும்போது 2³¹ஆல் வகுப்பதும் வகுத்தல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வகுத்தலே அல்ல. இரும எண்ணை 31ஆவது இடத்தில் வெட்டி இரண்டு துண்டையும் கூட்டுகிறது, அவ்வளவுதான். மெர்சென் பகா எண்களைக் கணினியில் இவ்வளவு விரும்பிப் பயன்படுத்துவதற்கு இந்த வெட்டிக் கூட்டும் வசதி ஒரு பெரிய காரணம்.

தொடர்ந்து போனால் 1937259419, 425413602, 842014276, 12692426 என்று எந்த ஒழுங்கும் தெரியாமல் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். 27ஆவது தடவையில் 1181536708. 28ஆவது தடவையில் வருவது 65536. மறுபடியும் அதே எண்! 65536² = 2³², அது மட்டு நம் எண்ணில் 2; அதில் 2 கழித்தால் 0. 29ஆவது தடவையில் பூஜ்யம், சோதனை முடிந்தது. இது தற்செயலா என்றால், இல்லை. கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண் 2இன் வர்க்க மூலமாக இருந்தாக வேண்டும். நம் எண்ணின் மட்டில் 2க்கு வர்க்க மூலங்கள் இரண்டே: 65536, அல்லது அதன் எதிர்க்குறி.

படி 6: இந்த எண்ணின் உலகத்தில் வர்க்க மூலம் காண்பது

இது சின்ன விஷயம், ஆனால் அழகானது. 2147483647ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, இதை இரண்டு முழு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது; 13 = 4 + 9 என்பது போல இதற்கு எதுவும் கிடையாது. இரண்டு, மட்டு இந்த எண்ணில் வர்க்க மூலம் காண ஒரு நேர்வழி இருக்கிறது.

மீதி 3 தரும் எந்தப் பகா எண்ணுக்கும், அதோடு 1 கூட்டி 4ஆல் வகுத்து வரும் அடுக்குக்கு உயர்த்தினால் வர்க்க மூலம் கிடைக்கும். நமக்கு அந்த அடுக்கு 2³¹ ÷ 4 = 2²⁹. அப்படியென்றால் 29 தடவை வர்க்கப்படுத்தினால் போதும், இடையில் வேறெந்தப் பெருக்கலும் வேண்டாம். 2ஐ வைத்துச் சோதிக்கலாம். 2இன் அடுக்குகள் 31க்கு ஒருமுறை சுற்றுவதால் 2²⁹ஐ 31ஆல் வகுத்த மீதி மட்டும் தெரிந்தால் போதும். 2⁵ = 32, மட்டு 31இல் 1; எனவே 2²⁹ = 2⁴ = 16. விடை 2¹⁶ = 65536. இந்த முறை வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறோம்.

(மூலம் இல்லாத எண்ணை வைத்து இதைச் செய்தால் பொய்யான விடை வரும். வந்ததை ஒருமுறை வர்க்கப்படுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

படி 7: ஒன்றைக் கழித்துப் பிரித்துப் பாருங்கள்

பகா எண் ஒன்றைப் பற்றி அறிய, அதற்கு முந்தைய எண்ணின் காரணிகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். பொதுவாகப் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கஷ்டம். இங்கே கஷ்டமில்லை:

2147483646 = 2 × (2³⁰ − 1) = 2 × (2¹⁵ − 1) × (2¹⁵ + 1) = 2 × 32767 × 32769.

32767 = 7 × 31 × 151 என்று ஏற்கெனவே பார்த்தோம். 32769 = 3² × 11 × 331. ஆக மொத்தம் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

இதனால் என்ன லாபம்? பகா எண்ணின் மட்டில் ஓர் எண்ணை மீண்டும் மீண்டும் தன்னோடு பெருக்கினால், சுற்றின் நீளம் மேலே உள்ள எண்ணின் வகுத்தியாகத்தான் இருக்கும். 2க்கு அது வெறும் 31. சில எண்களுக்கு மட்டும் சுற்று முழு நீளம் போகும், அதாவது 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். இவற்றைப் பிறப்பாக்கி என்று அழைக்கலாம். நம் எண்ணுக்கு மிகச் சிறிய பிறப்பாக்கி 7. ஓர் எண் பிறப்பாக்கியா என்று சோதிக்க 214 கோடி தடவை பெருக்க வேண்டியதில்லை. 2147483646ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 ஒவ்வொன்றாலும் வகுத்து, அந்த ஏழு அடுக்குகளுக்கு உயர்த்திப் பாருங்கள். ஒன்றில்கூட 1 வராவிட்டால் அது பிறப்பாக்கி. மொத்தம் எத்தனை பிறப்பாக்கிகள்? 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 534600000. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

7 பிறப்பாக்கி என்றால் 7⁵ = 16807உம் பிறப்பாக்கிதான்; 5 என்ற எண் மேலே உள்ள காரணிகளில் இல்லாததால் சுற்று உடையாது. இந்த 16807தான் பார்லோவுக்கான பதில். லெமர், அதே டெரிக் லெமர், 1951இல் எதேச்சை எண்களைப் போலத் தோன்றும் எண்களை உருவாக்க ஒரு முறை சொன்னார்: கையில் இருக்கும் எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி மீதி எடு. 1969இல் ஐபிஎம் 360 கணினிகளுக்காக அந்த முறையில் 16807ஐயும் 2147483647ஐயும் பயன்படுத்தினார்கள். 1988இல் பார்க், மில்லர் இருவரும் இந்தக் கூட்டணியைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். இன்றைய சி++ மொழியின் நிலையான நூலகத்திலும் இது இருக்கிறது.

நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930... உங்கள் நிரல் சரியா என்று பார்க்க ஒரு வழி: 10,000ஆவது எண் 1043618065 ஆக வர வேண்டும். வராவிட்டால் பெருக்கல் 32 பிட்டுக்குள் வழிந்து கெட்டுவிட்டது என்று கொள்ளலாம்; இடைநிலைப் பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டுக்கும் பாடத்துக்கும் இது போதும், ஓடிபிக்கும் பாஸ்வேர்டுக்கும் ஆகாது. ஓர் எண் வெளியே தெரிந்தால் அடுத்து வருவதெல்லாம் தெரிந்துவிடும். 214 கோடி என்பதும் இன்றைய கணினிக்கு சில விநாடி வேலைதான்.

படி 8: அக்கம்பக்கம்

இதை வேகமாகப் பார்த்துவிடலாம். 2 குறைந்த 2147483645 கடைசி இலக்கத்தாலேயே 5ஆல் வகுபடும். 2 கூடிய 2147483649 = 2³¹ + 1 = 3 × 715827883. ஆகவே இதற்கு இரட்டைப் பகா எண் ஜோடி இல்லை. (715827883 தானே ஒரு பகா எண் என்பது சுவாரசியம்.) முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இருமடங்காக்கி 1 கூட்டினால் 2³² − 1 = 3 × 5 × 17 × 257 × 65537, அதுவும் பகு எண்தான்; ஆனால் அந்த ஐந்து காரணிகள்தான் இன்றுவரை தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்கள் (2இன் அடுக்கோடு 1 கூட்டிக் கிடைக்கும் ஒற்றைப்படைப் பகா எண்கள்).

நிறைவெண் பக்கமும் ஒரு பார்வை. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படி வருபவைதான் என்று நிரூபித்தவரும் ஆய்லரே. நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் கிடைக்கிறது: 2305843008139952128.

படி 9: கணினி எல்லையையும் பகாத் தன்மையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

32 பிட் குறியுள்ள எண்ணில் ஒரு பிட் குறிக்குப் போனால் மீதி 31. எனவே உச்சம் 2³¹ − 1. 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, இந்த எண்ணைத் தொட்டு அடுத்த விநாடியே எதிர்ம எண்ணுக்குத் தாவும். 2014 டிசம்பரில் யூடியூபில் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது பெரிய செய்தியானது.

இதிலெல்லாம் அது பகா எண் என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. 16 பிட்டின் உச்சம் 32767 பகு எண். 64 பிட்டின் உச்சம் 2⁶³ − 1 = 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. 8 பிட்டில் 127, 32 பிட்டில் நம் எண் என்று இரண்டு மட்டும் பகா எண்ணாக அமைந்துவிட்டன. ‘கணினி வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 10: இதையே அடுக்காக வைத்தால்?

31 = 2⁵ − 1. அதாவது நம் எண் ஒரு மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். 2, 3, 5, 7 ஆகியவற்றில் தொடங்கி இதே மாதிரி இரண்டடுக்குப் போட்டால் 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 என்று நான்கும் பகா எண்கள். அப்படியானால் 2147483647ஐயே அடுக்காக்கி, 1 கழித்தால்? அந்த எண்ணை எழுத 64 கோடியே 64 லட்சம் இலக்கங்கள் வேண்டும்.

அது பகா எண் அல்ல. 295257526626031 அதை வகுக்கிறது. படி 3இல் செய்த முதல் வெட்டை இங்கேயும் வைத்துப் பாருங்கள்: காரணி எதுவானாலும் 2 × 2147483647இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும். 295257526626030ஐ 4294967294ஆல் வகுத்தால் மீதியின்றி 68745 வரும். இரண்டாம் வெட்டு: 8ஆல் வகுத்தால் மீதி 7, அதுவும் பொருந்துகிறது. இந்த இரண்டும் தேவையான நிபந்தனைகள் மட்டுமே. காரணிதான் என்று முழுதாக நிறுவ, படி 4இல் செய்தது போல 2ஐ அந்த 15 இலக்க எண்ணின் மட்டில் 31 தடவை வர்க்கப்படுத்தி மறுபடி 2 வருகிறதா என்று பார்க்க வேண்டும். போன் கால்குலேட்டர் அதற்குத் தாங்காது. நான்கு வரி நிரல் எழுதினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.